நாலு டிபி வாங்கினேன், ரெண்டுதான் தெரியுது!

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து மேசையில் பரப்பியதும் என் கம்ப்யூட்டர் கடைப் பையன் சொன்னான்: "சார், எல்லாரும் ஒரே கடையில டிஸ்க் வாங்கியிருக்காங்க போல." அப்படித்தான் இருந்தது. பழைய இயந்திரம், புதிய பெரிய ஹார்டு டிஸ்க், நடுவில் காணாமல் போன இடம். எனவே பிரிண்டர், வைஃபை, மெதுவாக ஓடும் லேப்டாப் எல்லாம் அடுத்த இதழுக்கு. அந்தக் கேள்விகளை அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோக்களைப் பத்திரப்படுத்த, சென்னை ரிச்சி தெருவில் பழைய டெல் பவர்எட்ஜ் ஆர்710 சர்வர் ஒன்று வாங்கினேன். அதில் நான்கு 4 டிபி டிஸ்க் போட்டேன். ஒவ்வொன்றும் 2 டிபி என்றுதான் காட்டுகிறது. டிஸ்க் விற்றவர் 'சர்வர் கோளாறு' என்கிறார். சர்வர் விற்றவர் 'டிஸ்க் டூப்ளிகேட்' என்கிறார். யாரை நம்புவது ஐயா? — ஸ்டுடியோக்காரர், கடலூர்

இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். ஆனால் இரண்டு பேர் கொடுத்த சரக்கும் நல்ல சரக்குதான். நீங்கள் அனுப்பிய திரைப் படத்தில் மேல் வரியிலேயே 'பெர்க் 6/ஐ' என்று இருக்கிறது; பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டின் பெயர் அது. வழக்கு அங்கேயே முடிந்தது.

டிஸ்க்கின் பரப்பு 512 பைட் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண். ரெய்டு கார்டு டிஸ்க்கிடம் "இந்த எண் கட்டத்தைக் கொடு" என்று கேட்கும், டிஸ்க் கொடுக்கும். அந்த எண்ணை எழுத, இந்தத் தலைமுறைக் கார்டுகளில் 32 பிட், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய 32 இலக்க இடம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் அடங்கும் எண்கள் சுமார் 429 கோடி. அதை 512-ஆல் பெருக்கினால் 2,19,902 கோடி பைட் வரும். டிபி என்பது லட்சம் கோடி பைட். ஆக 2.2 டிபியோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ரேஷன் கடையில் மூன்று இலக்க டோக்கன் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். ஆயிரத்துக்கு மேல் ஆள் நின்றால், அவர் நிற்பது உண்மைதான், பையும் கையில் இருக்கிறது, ஆனால் அவரைக் கூப்பிட எண் இல்லை. உங்கள் டிஸ்க்கின் மறுபாதி அப்படித்தான் வரிசையில் நிற்கிறது.

இதில் எனக்கே ஒரு பழைய காயம் உண்டு. 2003-இல், கடை ஆரம்பித்த புதிதில், ஒரு வாடிக்கையாளருக்கு 160 ஜிபி டிஸ்க் வாங்கிக் கொடுத்தேன். விண்டோஸில் 128-க்குள்தான் தெரிந்தது. டிஸ்க் மோசம் என்று சென்னைக்கு பஸ் ஏறிப் போய் மாற்றி வந்தேன். இரண்டாவதும் அப்படியே. மறுபடியும் பஸ். மூன்றாவது தடவை கடைக்காரர் டிஸ்க்கைக் கையில் வாங்காமலேயே, "தம்பி, மதர்போர்டு பயாஸ் என்ன தேதி?" என்று கேட்டார். அப்போதைய எல்லை 28 பிட். 2-இன் அடுக்கு 28-ஐ 512-ஆல் பெருக்கினால் 13,743 கோடி பைட், அதாவது 137 ஜிபி; விண்டோஸ் 1024-ஆல் எண்ணும் கணக்கில் 128. கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருளான அந்த பயாஸைப் புதுப்பித்து, விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 1 போட்டதும் டிஸ்க் முழுசாக வந்துவிட்டது. இரண்டு பஸ் டிக்கெட், ஒரு நாள் வியாபாரம், ஒரு வாடிக்கையாளரின் நம்பிக்கை போனது போனதுதான். அன்றிலிருந்து யாராவது 'டிஸ்க் டூப்ளிகேட்' என்றால் முதலில் கார்டைத்தான் பார்க்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பெர்க் 6/ஐ கார்டுக்கு, அதன் உள்ளே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பலன் இல்லை. அதன் சிப்பு எல்எஸ்ஐ நிறுவனத்தின் 1078. இதே காலத்து இன்னொரு சிப்பு 1068இ. டெல்லின் சாஸ் 6/ஐஆர், ஐபிஎம்மின் பிஆர்10ஐ இரண்டிலும் இருப்பது அதுதான். இவை எதிலும் ஒரு டிஸ்க்குக்கு 2 டிபிக்கு மேல் போகாது. கவனியுங்கள், இந்த எல்லை ஒரு டிஸ்க்குக்குத்தான். ஆறு 2 டிபி டிஸ்க் போட்டு ரெய்டு 5-இல் (ஒரு டிஸ்க் போனாலும் தகவல் போகாதபடி ஒரு டிஸ்க் அளவு இடத்தை ஒதுக்கும் முறை) 10 டிபி எடுக்க அதே பெர்க் 6/ஐ தாராளமாக ஒத்துழைக்கும். உங்கள் சர்வர் 3.5 அங்குல டிஸ்க் ஆறு கொள்ளும் வகை. டிஸ்க் விற்றவர் நல்ல மனதோடு மாற்றிக் கொடுத்தால் நான்கு 4 டிபிக்குப் பதில் ஆறு 2 டிபி வாங்கிக்கொள்வது ஒரு வழி. மலிவும் அதுதான். ஆனால் நாளைக்கு இடம் போதாமல் போனால் மறுபடி இதே முட்டுச்சந்தில் நிற்பீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கார்டை மாற்றுவேன். அடுத்த தலைமுறையில் இரண்டு கார்டு. ஹெச்200-இல் இருப்பது 2008 என்ற எண்ணுள்ள சிப்பு (ஆண்டு இல்லை), ஹெச்700-இல் 2108 சிப்பு. கடைசி ஃபர்ம்வேர் ஏற்றிவிட்டால் இரண்டும் 4 டிபியை முழுசாகப் பார்க்கும். லினக்ஸ் கையாளத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் ஹெச்200. டிஸ்க்கை அப்படியே இயங்குதளத்திடம் கொடுத்துவிடும், ரெய்டை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். நீங்கள் கேமரா பிடிக்கிறவர், இரவு பன்னிரண்டுக்கு ஆல்பம் டிசைன் செய்கிறவர். உங்களுக்கு ஹெச்700 போதும்.

கார்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெர்க் 6/ஐ கார்டின் கேபிள் வாய் அகலமாகத் தட்டையாக இருக்கும். ஹெச்700-இன் வாய் சின்னது, 8087 என்று கேளுங்கள். டிஸ்க் செருகும் பலகைப் பக்கமும் அதே 8087-தான். ஆக, இரு முனையும் 8087 உள்ள கேபிள் இரண்டு, ஆர்710-க்கு ஏற்ற நீளத்தில், கார்டோடு சேர்த்து வாங்க வேண்டும். பிறகு பேட்டரி. இந்தக் கார்டுகளில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும், பழைய கார்டு என்றால் அது பெரும்பாலும் செத்திருக்கும், சிலது உப்பியிருக்கும். உப்பினதைக் கழற்றி வீசுங்கள். பேட்டரி இல்லாவிட்டாலும் கார்டு ஓடும். ஆனால் எழுதுவதைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளாமல் நேரே டிஸ்க்குக்கு அனுப்பும், அதனால் வேகம் குறையும். "புதுக் கார்டு போட்டும் காப்பி ஆமை மாதிரி போகுது" என்று எனக்குத் திரும்பவும் கடிதம் போடாமல் இருக்கத்தான் இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஹெச்200-ஐ வாங்கி அதில் எல்எஸ்ஐயின் பொது ஃபர்ம்வேரை ஏற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்படி மாற்றிய கார்டை ஆர்710-இன் சேமிப்புக் கார்டுக்கென்றே உள்ள தனி ஸ்லாட்டில் செருகினால் சர்வர் "இது செல்லாத கார்டு" என்று சொல்லி நின்றுவிடும். சாதாரண ஸ்லாட்டில் செருகினால் பேசாமல் ஓடும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தேன். காந்தி வீதிச் சந்தைக்குப் போகலாம் என்று வீட்டில் காத்திருந்தார்கள், பாவம்.

கடைசியாக, கார்டை மாற்றும் முன் இப்போது டிஸ்க்கில் ஏதாவது கல்யாணம் இருந்தால் வேறெங்காவது நகல் எடுத்துவிடுங்கள். பழைய கார்டு எழுதியதைப் புதிய கார்டு படிக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. மணமக்களிடம் போய் "இன்னொரு தடவை தாலி கட்டுங்க" என்று கேட்க முடியாது.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் 3 டிபி டிஸ்க் போட்டேன். 746 ஜிபி என்று காட்டுகிறது. 3-ம் இல்லை, 2-ம் இல்லை, அது என்ன 746? — கடலூர் முதுநகர் வாசகர்

இந்த எண்ணைப் பார்த்தால் எனக்குப் பழைய நண்பனைப் பார்த்த மாதிரி.

முன்பெல்லாம் வீட்டில் சக்கரம் சுற்றுகிற கரண்ட் மீட்டர் இருந்ததே, நினைவிருக்கிறதா? ஐந்து இலக்கம். 99999 வரை ஓடும், அடுத்த யூனிட்டில் 00000. அந்த மாதம் ரீடிங் எடுக்க வந்தவர் "என்னங்க, போன தடவையைவிடக் குறைஞ்சிருக்கு?" என்று தலையைச் சொறிவார். உங்கள் டிஸ்க்குக்கு நடந்தது அதேதான். 3 டிபி டிஸ்க்கில் உண்மையில் 3,00,059 கோடி பைட். 2,19,902 கோடி வந்ததும் 32 பிட் மீட்டர் சுழன்று பூஜ்யத்துக்கு வந்து, மிச்சம் 80,157 கோடியை மட்டும் காட்டுகிறது. விண்டோஸ் கணக்கில் அது 746 ஜிபி. இதே கோளாறு 4 டிபி டிஸ்க்கில் வந்தால் 1678 ஜிபி என்று காட்டும். ஆகவே கடைக்குள் நுழையும்போதே "746" அல்லது "1678" என்று யாராவது சொன்னால், இயந்திரத்தைத் திறக்காமலேயே பாதி வைத்தியம் முடிந்துவிடும்.

இண்டெல்லின் பழைய சேமிப்பு டிரைவர் மென்பொருள் இந்த வேலையைச் செய்யும். அதைப் புதுப்பித்துப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு தீரும். யுஎஸ்பி டாக் (டிஸ்க்கைச் செருகி வெளியிலிருந்து இணைக்கும் பெட்டி) மூலம் இணைத்திருந்தால் அந்த டாக்கின் சிப்பு பழையதாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை. 746 என்று காட்டுகிறபோது அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள். ஃபார்மேட் கேட்டால் 'வேண்டாம்' சொல்லுங்கள். மீட்டர் சுழல்கிற இயந்திரத்தில் 2.2 டிபியைத் தாண்டி எழுதப் போனது டிஸ்க்கின் தலைப்பகுதியில் போய் உட்காரும். அங்கே ஏற்கெனவே இருந்தது அழியும். அழியும்போது ஒரு சத்தமும் வராது. இதைவிட மோசம், முழு அளவையும் சரியாகக் காட்டிவிட்டு எழுதும்போது மட்டும் சுழல்கிறவை. அதனால்தான் பெரிய டிஸ்க் வந்தால் என் கடையில் ஒரு சடங்கு உண்டு. எஃப்3 அல்லது ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் டிஸ்க் நிறைய எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடுவோம். நொடிக்கு 100 எம்பி வேகம் என்றால் 4 டிபிக்கு எழுத 11 மணி நேரம், படிக்க 11 மணி நேரம். "ரெண்டு நாள் எதுக்கு சார்?" என்று கேட்டால் இதுதான் காரணம்.

கேள்வி: வில்லியனூரில் ஸ்கேன் சென்டர் நடத்துகிறோம். படங்களைச் சேமிக்க 3 டிபி டிஸ்க் போட்டோம். டிஸ்க் மேனேஜ்மென்டில் 2048 ஜிபி வரைதான் பயன்படுகிறது. மீதி 746 ஜிபி கறுப்புப் பட்டையாக நிற்கிறது, அதன்மேல் வலது கிளிக் செய்தால் எதுவும் செய்ய விடுவதில்லை. உள்ளே இருக்கிற ஸ்கேன் படங்கள் அழியாமல் அதையும் எடுக்க முடியுமா? — ஒரு வாசகி

பார்த்தீர்களா, முதுநகர்க்காரருக்கு 746 மட்டும் தெரிகிறது. உங்களுக்கு 746 மட்டும் கிடைக்கவில்லை. ஒரே எண், வேறு வேறு நோய். உங்களுடையது சாதாரண ஜலதோஷம் அம்மா, பயப்பட வேண்டாம்.

உங்கள் கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் ஒன்றையொன்று சரியாகவே பார்க்கின்றன. டிஸ்க்கை எப்படிப் பங்கு பிரித்திருக்கிறது என்று எழுதி வைக்கும் பார்ட்டிஷன் அட்டவணைதான் பழைய எம்பிஆர் வகை. ஒரு பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எத்தனை கட்டம் என்று எழுத அதிலும் 32 பிட்தான். புதிய ஜிபிடி வகைக்கு மாற்றினால் 64 பிட். அது நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை தாங்கும்.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் காலி டிஸ்க்கை மட்டுமே ஜிபிடியாக மாற்றித் தரும். ஆகவே நேர்வழி: படங்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, இதைக் காலி செய்து, ஜிபிடியாக்கி, திரும்பக் கொண்டுவருவது. அழிக்காமலே மாற்றும் கருவிகளும் உண்டு. லினக்ஸில் ஜிடிஸ்க் அதைச் செய்யும். ஜிபிடி தன் அட்டவணையின் நகல் ஒன்றை டிஸ்க்கின் வால் பகுதியில் வைத்துக்கொள்ளும், உங்கள் டிஸ்க்கில் வால் காலியாகத்தான் இருக்கிறது, எனவே நடக்கும். நானும் பல தடவை செய்திருக்கிறேன். ஆனாலும் நகல் எடுக்காமல் அதைத் தொட மாட்டேன். நகல் எடுத்துவிட்ட பிறகு அழிக்காத வழி எதற்கு? நேர்வழியே போதும். நோயாளிகளின் ஸ்கேன் படம் என்பதால் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கிழவி மாதிரிதான் பேசுவேன்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். இது படங்களுக்கான டிஸ்க், விண்டோஸ் இதிலிருந்து பூட் ஆகவில்லை என்பதால் பிழைத்தீர்கள். விண்டோஸ் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து பூட் ஆக பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ வேண்டும், பழைய பயாஸ் போதாது. பழைய சர்வர்களில் இது பெரிய தலைவலி. ஹெச்பியின் மைக்ரோசர்வர் ஜென்8 வரைக்கும்கூட பயாஸ்தான். அதற்கு என் வைத்தியம் எளிது: இயங்குதளத்துக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, பழைய எம்பிஆரிலேயே. பெரிய டிஸ்க் எல்லாம் சேமிப்புக்கு மட்டும். லினக்ஸ் என்றால் பயாஸிலேயே ஜிபிடியிலிருந்து பூட் செய்யலாம், 1 எம்பியில் ஒரு குட்டிப் பார்ட்டிஷன் ஒதுக்கினால் போதும்.

இரண்டாவது, ஸ்கேன் இயந்திரத்தோடு வந்த கம்ப்யூட்டர் இன்னும் எக்ஸ்பியில் ஓடுகிறதா? பல இடங்களில் அப்படித்தான். சாதாரண 32 பிட் எக்ஸ்பி ஜிபிடி டிஸ்க்கைப் படிக்காது. அதனால் டிஸ்க்கை எக்ஸ்பியில் செருகாதீர்கள். வேறு இயந்திரத்தில் வைத்து நெட்வொர்க்கில் ஷேர் செய்யுங்கள். நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு அந்தப் பக்கம் எம்பிஆரா ஜிபிடியா என்பதே தெரியாது, தெரியவும் வேண்டாம்.

கேள்வி: 4 டிபி டிஸ்க் 3.63 என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? — நெல்லிக்குப்பம் வாசகர்

இல்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. கடைக்காரரிடம் சண்டை போட்டிருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து சமாதானம் ஆகிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் லாஸ்பேட்டையில் கல்லூரி மாணவன். வெளியே வைக்கிற 8 டிபி டிஸ்க் ஆஃபரில் வந்தது. பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த டிஸ்க்கை எங்கள் ப்ராஜெக்ட் சர்வரில் போட்டேன். சுழலவே இல்லை. திரும்பப் பெட்டியில் போட்டால் ஓடுகிறது. செத்துவிட்டதா, இல்லையா? — ஒரு மாணவன்

தம்பி, பெட்டியில் ஓடுகிறது என்று நீயே எழுதிவிட்டு செத்துவிட்டதா என்று கேட்கிறாய்.

டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுவரும் சாட்டா பவர் இணைப்பில் 15 முள் இருக்கும். முதல் மூன்றும் முன்பு 3.3 வோல்ட்டுக்கு. அதை டிஸ்க்குகள் பயன்படுத்தவே இல்லை, சும்மா இருந்தது. பிறகு வந்த சாட்டா விதியில் மூன்றாவது முள்ளுக்கு வேறு வேலை கொடுத்தார்கள்: அங்கே மின்சாரம் வந்தால் 'நீ நிறுத்து' என்று அர்த்தம். பெரிய சர்வர் கூடங்களில் தொங்கிப்போன டிஸ்க்கைத் தூரத்திலிருந்தே அணைத்து எழுப்ப அந்த ஏற்பாடு. மின்சாரம் கொடுக்கும் உன் பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டிக்கு இந்தக் கதை தெரியாது. அது அந்த முள்ளில் 3.3 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. டிஸ்க்கும் கீழ்ப்படிந்து நின்றுகொண்டே இருக்கிறது.

கேப்டான் டேப் வாங்கு. விருத்தாசலம் பக்கத்து வாசகர்கள் கேப்டன் என்று படித்துவிட வேண்டாம். கேப்டான், மொபைல் பழுதுபார்ப்பவர்களிடம் கிடைக்கிற மஞ்சள் டேப். அதைக் கீற்றாக வெட்டி, டிஸ்க்கின் பவர் பக்கத்தில் முதல் மூன்று முள்ளை மூடிவிடு. செல்லோடேப் வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு இளகி ஒழுகும். இன்னொரு வழி பழைய நான்கு முள் மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயர், அதில் 3.3 வோல்ட்டே கிடையாது. ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே கட்டியாக வார்த்த மலிவு வயரைத் தொடாதே. உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்த கதைகள் உண்டு. வயர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நுழைவது கண்ணுக்குத் தெரிகிற வகையை வாங்கு.

சுழல ஆரம்பித்த பிறகு, பெட்டியில் இருந்தபோது காப்பி செய்தது எதுவும் தெரியவில்லை, 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கிறது என்றால் திடுக்கிடாதே. சில பெட்டிகளின் யுஎஸ்பி சிப்பு 512 பைட் கட்டங்களை எட்டெட்டாகச் சேர்த்து 4096 பைட் கட்டமாக வெளியே காட்டும். 2 டிபிக்கு மேலும் எக்ஸ்பிக்காரர்கள் பயன்படுத்தட்டும் என்று செய்த தந்திரம் அது. நேராக இணைத்தால் அந்த வேஷம் கலைந்துவிடும், எண்கள் எல்லாம் இடம் மாறிவிடும். திரும்பப் பெட்டியில் போட்டு, நகலெடுத்துவிட்டு, பிறகு நேர் இணைப்பில் ஃபார்மேட் செய்.

வாரண்டியை நீ பெட்டியோடு சேர்த்தே உடைத்துவிட்டாய், அதை மறந்துவிடு. டிஸ்க்கின் அடிப்பக்கத் திருகு ஓட்டைகளும் பழைய கேபினெட்டோடு பொருந்தாமல் போகலாம். பெரிய கொள்ளளவு டிஸ்க் பலவற்றில் ஓட்டையின் இடத்தை மாற்றிவிட்டார்கள். பக்கவாட்டுத் திருகு போட்டு இறுக்கு, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதே. சிரிக்காதே, என் கடைக்கே அப்படி வந்திருக்கிறது.

கேள்வி: நானும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். ஆறு 8 டிபி டிஸ்க் போட்டு ரெய்டு 5 செய்ய ஒரு அலுவலகம் கேட்கிறது. 'ரெய்டு இருக்கும்போது பேக்கப் எதுக்கு' என்றும் கேட்கிறார்கள். நீங்கள் ரெய்டு 5 வேண்டாம் என்று எப்போதும் பயமுறுத்துகிறீர்களே, ஏன்? — முதலியார்பேட்டை வாசகர்

பயமுறுத்தவில்லை, கணக்குச் சொல்கிறேன். ஒரு டிஸ்க் போனால் மற்ற ஐந்தையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துத்தான் புதிய டிஸ்க்கை நிரப்ப வேண்டும். அது 40 டிபி. சாதாரண டிஸ்க்கின் விவரத் தாளில், 10-இன் அடுக்கு 14 பிட் படித்தால் ஒரு இடம் படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருக்கும். அது 12.5 டிபிதான். தாளில் இருப்பது மோசமான கணக்கு, நடப்பில் டிஸ்க்குகள் அதைவிட ஒழுங்காகவே நடந்துகொள்கின்றன. நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே நாளில் வாங்கிய, ஒரே பெட்டியில் வந்த, ஒரே வெயிலில் ஓடிய ஆறு டிஸ்க்கில் ஒன்று போய்விட்டால், மற்ற ஐந்தை எனக்கு நம்பத் தோன்றாது. 8 டிபியை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் நிரப்பவே 15 மணி நேரம். பழைய கார்டு, மேலே அலுவலக வேலையும் ஓடுகிறது என்றால் இரண்டு நாள், மூன்று நாள். அதுவரை இன்னொரு டிஸ்க் தும்மக்கூடாது. 200 ஜிபி டிஸ்க் காலத்தில் இது ஒன்றிரண்டு மணி நேர விஷயம், யாரும் கவலைப்படவில்லை. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 போடுங்கள், இன்னும் ஒரு டிஸ்க் இடம் போகும், போகட்டும்.

பேக்கப் விஷயத்துக்கு நான் வாதாட மாட்டேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த இரவும் மறுநாளும் இங்கே எப்படி இருந்தது என்று அந்த அலுவலகக்காரர்களைக் கேளுங்கள். அந்த வாரம் என் கடைக்கு வந்த சர்வர்களில் ஒன்றில் ரெய்டு நன்றாகவே இருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒரே மாதிரி, ஒரே அளவு தண்ணீரில் நனைந்திருந்தன. அன்று முதல் நான் வைக்கிற எந்தச் சர்வரும் தரையில் இல்லை, இடுப்பு உயரத்துக்கு மேல்தான். இரண்டாவது நகல் வேறு கட்டடத்தில்.

கேள்வி: லினக்ஸ் சர்வரில் டிஸ்க்குகளைச் சேர்த்து 20 டிபி ஆக்கினேன். ஆனால் இஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பு 16-க்கு மேல் வளர மறுக்கிறது. கார்டு, ஜிபிடி எல்லாம் சரியாக இருக்கிறது. — சிதம்பரம் சாலை, கடலூர்

இதுவும் அதே 32 பிட்தான், வேறு மாடியில் குடியிருக்கிறது. கோப்பு அமைப்பு என்பது எந்தக் கோப்பு எங்கே என்று பதிந்து வைக்கும் முறை. முன்பு உருவாக்கிய இஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பு 4096 பைட் கட்டங்களை 32 பிட் எண்ணால் எண்ணும். 429 கோடியை 4096-ஆல் பெருக்கினால் விண்டோஸ் கணக்குப்படி 16 டிபி. உங்கள் இஎக்ஸ்டி கருவிகள் 1.43 பதிப்போ அதற்குப் பிந்தியதோ என்றால், கோப்பு அமைப்பை அன்மவுண்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து கழற்றி), ரிசைஸ்2எஃப்எஸ் கட்டளையை 'பி' தேர்வோடு கொடுத்து 64 பிட்டாக மாற்றலாம். அதன் பிறகு வளர்க்கலாம். நகல் எடுத்து வைக்க இடம் இருக்கிறதென்றால் எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு கோப்பு அமைப்பில் புதிதாகவே போட்டுவிடுங்கள். நான் அதைத்தான் செய்தேன்.

கேள்வி: இவ்வளவு கார்டு, கேபிள், டேப் என்று அலைவதற்குப் பதில் அந்தப் பழைய இரும்பைத் தூக்கிப் போட்டால் என்ன? — இந்தப் பத்தி எழுதுபவரின் மனைவி, நெல்லித்தோப்பு

தபாலில் வரவில்லை, சாப்பாட்டு மேசையில் வந்தது. வாசகர் கேள்விதான் என்பதால் போடுகிறேன்.

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டு மாடியில் ஓடுகிற ஆர்710-க்கு மீட்டர் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 160 வாட் இழுக்கிறது. இருபத்து நான்கு மணி நேரம், முப்பது நாள் என்றால் 115 யூனிட். கோப்புகளை வைத்துக்கொள்ள மட்டும்தான் என்றால் இரண்டு டிஸ்க் கொள்கிற சின்னப் பெட்டி ஒன்று அதில் சிறு பங்கு மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யும். சத்தமும் வராது. அந்தச் சர்வர் விசிறியின் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் எங்கள் வீட்டில் மாவு மில் வைத்திருக்கிறோம் என்றுதான் நினைத்தார். ஆகவே புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு நான் பழைய சர்வரைப் பரிந்துரைப்பதில்லை. கையில் ஏற்கெனவே இருக்கிறது, நினைவகமும் பிராசசரும் வேறு வேலைக்கும் உதவுகிறது என்றால் மட்டும் கார்டை மாற்றுங்கள். அதுவும் எட்டு டிஸ்க்கை மொத்தமாக வாங்கும் முன், ஒரே ஒரு டிஸ்க்கை வாங்கிச் செருகிப் பாருங்கள். கார்டின் சிப்பு என்ன என்று லினக்ஸில் எல்எஸ்பிசிஐ கட்டளை ஒரு வரியில் சொல்லிவிடும்.

எங்கள் வீட்டு இரும்பைப் பொறுத்தவரை ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். இரவு பத்து மணிக்கு அணைத்துவிட வேண்டும். பத்தரைக்கும் ஓடினால் சுவிட்சை அவளே அணைத்துவிடுவாள், கோப்பு அமைப்பு என்ன ஆகும் என்று கேட்கக் கூடாது. நேற்று 10.28-க்கு அணைத்தேன்.